வண்டிக் கணக்கு

எழுதிக்கொள்ளுங்கள், கணக்கரே:
வண்டி ஒன்று. சக்கரம் நான்கு.
மூன்று பழையவை.
நான்காவது என் மருமகன் போட்டது, அதனால் கோணல்.

பலகையில் ஓட்டை எப்படி வந்தது என்கிறீர்கள்.
உட்காருங்கள்.
இந்தக் குளிரில் உங்கள் மை எப்படியும் உறையத்தான் போகிறது.

அந்த வருஷம் முட்டைக்கோஸ் அமோகம்.
சந்தைக்கு ஏற்றிய பாரத்தைப் பாதி வழியில்
இறக்கச் சொன்னார்கள்.
இறக்கினோம்.
பதினெட்டுப் பேர் ஏறினார்கள்.
குறுக்குவில் ஆறு, வெடிகுழல் இரண்டு,
கல் எறிய என் தங்கை மாக்னா,
குதிரைக்குப் பக்கத்து வீட்டு ஹாவல்.
மீதிப்பேர் என்னைப்போல்
களத்திலிருந்து நேரே வந்தவர்கள்.
கையில் போரடிக்கும் கோல்,
அதன் நுனியில் தோல்வாரில் ஆடும் கட்டை.
அந்தக் கட்டையில்
கொல்லன் யாரோஷ் பதினாறு ஆணி அறைந்து தந்தான்.
காசு கேட்கவில்லை.
அவன் கேட்காமல் விட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

குன்றின் மேல் சக்கரத்தோடு சக்கரத்தைச்
சங்கிலியால் பிணைத்தோம்.
முந்நூறு வண்டியும் ஒரே வண்டி.
நடுவில் குதிரைகள், பிள்ளைகள், கஞ்சிப் பானை.
கொடியில் ஒரு கிண்ணம்.
எங்கள் கேள்வி அவ்வளவுதான் ஐயா:
பலிபீடத்துக் கிண்ணத்தில்
பாதிரி மட்டும் குடிப்பானேன்?
பதில் சொல்லப் பேரரசர்
நான்கு தேசத்துப் படையைத் திரட்டி அனுப்பினார்.
ஒரு மிடறு ஒயினுக்கு அவ்வளவு செலவு.

விடிந்ததும் தெரிந்தார்கள்.
பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது.
இரும்பெல்லாம் வெயில்.
குதிரைக்குக்கூடப் பட்டுச் சட்டை.
என் சட்டைக்கு முழங்கை இல்லை.

மேடேறி வந்தார்கள்.
குதிரைக்கு மூச்சு வாங்கியது, மனிதனுக்குக் கவசம் கனத்தது.
எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று:
காலை அகட்டி நின்று
கோலை உயர்த்தி
கீழே.
கதிர் என்றால் மணி உதிரும்.

போரடிப்பவன் பாட வேண்டும், இல்லையென்றால் கை தப்பும்.
எல்லோரும் கடவுளைப் பாடினார்கள்.
நான் அறுவடைப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேனாம்,
மாக்னா பிறகு சொல்லிச் சிரித்தாள்.
ஹாவலைப் புதைத்த அன்று நிறுத்தினாள்.

ஜெயித்தோம்.
விழுந்த ஒருவனின் வெள்ளிக் கொக்கி எனக்குக் கிடைத்தது.
கோழிக்கூண்டுத் தாழ்ப்பாள் அதுதான்.
அதை எழுதாதீர்கள்.

ஓட்டை அங்கே விழுந்ததல்ல.
ஜெயித்தவர்கள் கூடிப் பேசினார்கள்.
கிண்ணம் கிடைத்தால் போதும் என்றது ஒரு கூட்டம்,
நிலமும் வேண்டும் என்றது ஒரு கூட்டம்.
பேசப் பேசக் குரல் உயர்ந்தது.
பிறகு ஒரு மே மாதம்
எதிரே வந்தவையும் வண்டிகள்தான்.
அதே பலகை, அதே சங்கிலி,
கொடியில் அதே கிண்ணம்.
மாக்னா கல்லை எடுத்தாள், எறியவில்லை.
எதிர்வண்டியில் நின்றவன்
போன வாரம் அவளிடம் முட்டைக்கோஸ் பேரம் பேசியவன்.
அவன் யோசிக்கவில்லை.
கோலை உயர்த்தினான்,
கீழே.

அவளைப் பலகை காப்பாற்றியது.
இடது கையை மட்டும் காப்பாற்றவில்லை.
இரவில் விரலை விட்டுத் துழாவினேன்.
உள்ளே ஓர் ஆணி ஒடிந்து கிடந்தது,
நாலு மூலைத் தலை.
அப்படித் தலை தட்டுகிறவன் எங்கள் வட்டாரத்தில் ஒருவன்தான்.
யாரோஷ் அந்தப் பக்கம் நின்றானா,
ஆணியை மட்டும் விற்றானா,
தெரியாது.
கேட்கலாம் என்றால் அவனும் இல்லை.

இரண்டாவது களத்துக்குப்
பேரரசர் ஆளே அனுப்பவில்லை.
தேவைப்படவில்லை.

ஓட்டைக்கு வரி உண்டா?
இல்லையென்றால் பழுது என்று எழுதுங்கள்.
பாரம் தாங்கும்.
இந்த வருஷமும் முட்டைக்கோஸ் நன்றாகத்தான் வந்திருக்கிறது,
போகும்போது இரண்டு எடுத்துப் போங்கள்.
தாழ்ப்பாளைத் தொடாதீர்கள்,
கோழிகள் வெளியே வந்துவிடும்.